சாதாரணக் கைப்பேசியும் சாமானியரின் எண்ணும்

(களப்பயிற்சிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஹைதராபாத் வந்திருந்த ஊரக வளர்ச்சி அலுவலர்களுக்கும் சமூகப்பணி மாணவர்களுக்கும், தொலைத்தொடர்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



இன்றைய உரையின் பொருளைத் தலைவர் அறிவித்தபோது உங்களில் சிலர் புன்னகை புரிந்ததைக் கண்டேன். பொத்தான் வைத்த சாதாரணக் கைப்பேசியை இயக்குவதற்கு ஒரு வகுப்பா, அதற்கு ஒரு பொறியாளரா என்ற வினா அந்தப் புன்னகையில் இருந்தது. நியாயமான வினாதான். பணியில் இருந்த காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் இந்த நகரத்தில், 2021 பிப்ரவரி மாதத்தில் மாறியது. அதைப் பின்னர் கூறுகிறேன்.

நம் நாட்டில் கைப்பேசியின் முதல் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து, டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது அது செல்வந்தரின் கருவி; வரும் அழைப்புக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டில், கைவிளக்குடன் கூடிய நோக்கியா 1100 போன்ற மலிவான கருவிகளும் சந்தைக்கு வந்தன. கொத்தனாரும் ஆட்டோ ஓட்டுநரும் காய்கறி விற்பவரும் கைப்பேசி உடையவராயினர். இன்று திறன்பேசிகள் பெருகிவிட்டன என்பது உண்மையே. ஆயினும், ஏறத்தாழ 15 கோடிச் சந்தாதாரர்கள் சாதாரணக் கைப்பேசியையே நம்பியுள்ளனர் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் குறிப்பிட்டது. இவர்களுள் முதியோர் உள்ளனர், கூலித் தொழிலாளர் உள்ளனர், எழுத்தறியாப் பெண்கள் உள்ளனர். நீங்கள் ஊருக்குத் திரும்பியதும் உங்கள் மேசைக்கு எதிரே வந்து நிற்கப் போகிறவர்கள் இவர்களே.

பிப்ரவரி மாதத்து வரிசை

கோவிட் தொற்றின் காரணமாக நியாயவிலைக் கடைகளில் கைரேகைப் பதிவை நிறுத்துமாறு தெலங்கானா உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியதைத் தொடர்ந்து, மாநிலக் குடிமைப்பொருள் துறை 2021 பிப்ரவரியில் ஒரு மாற்று முறையைக் கொண்டுவந்தது. ஆதாருடன் இணைக்கப்பட்ட கைப்பேசி எண்ணுக்கு ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவெண் வரும். அதைக் கடைக்காரரிடம் கூறினால் அரிசி வழங்கப்படும். நோய் பரவாமல் தடுப்பதற்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், எண்ணை இணைக்காதவர்கள், இணைத்த எண்ணை இழந்தவர்கள், எந்த எண்ணைக் கொடுத்தோம் என்பதையே மறந்தவர்கள் ஆகியோர் ஹைதராபாத் நகரத்தின் ஆதார் மையங்களிலும் மீ சேவா மையங்களிலும் விடியற்காலை முதல் நீண்ட வரிசையில் நிற்க நேர்ந்தது.

அவர்களுள் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரும் ஒருவர். அறுபது வயதைக் கடந்தவர், கணவர் இல்லை. கையில் நல்ல நிலையில் ஒரு சாதாரணக் கைப்பேசி இருந்தது. கடைக்காரர் கடவெண் அனுப்பினார்; அவர் கைப்பேசிக்கு வரவில்லை. மூன்று முறை முயன்றும் பயனில்லை. கருவியில் கோளாறு என்று எண்ணி என்னிடம் கொண்டுவந்தார். நானும் அவ்வாறே எண்ணி, மின்கலத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். பின்னர்தான் ஆதாருடன் இணைந்திருந்த எண் எது என்று விசாரித்தோம். அது சில ஆண்டுகளுக்கு முன் அவர் வைத்திருந்த பழைய எண். தெருமுனைக் கடையில் யாரோ இலவசமாக ஒரு சிம் அட்டை கொடுத்ததும், பழையதை எறிந்துவிட்டிருக்கிறார்.

அந்தப் பழைய எண்ணை நான் அழைத்தேன். வேறொரு மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பேசினார். நல்ல பிள்ளை. ஓராண்டாகவே யாரோ ஒருவருடைய வங்கிச் செய்தியும் எரிவாயு உருளைச் செய்தியும் தமக்கு வந்துகொண்டிருப்பதாகவும், யாருக்குத் தெரிவிப்பது என்று அறியாமல் அழித்துவிடுவதாகவும் கூறினார். அன்று காலை வந்த மூன்று கடவெண்களையும் அவர் அழித்திருந்தார். இதை அம்மையாரிடம் விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: "சார், அரிசி என் பெயரில்தானே இருக்கிறது? அது எப்படி இன்னொருவர் போனுக்குப் போயிற்று?"

அந்த இளைஞர் நல்லவராக இருந்தது தற்செயல். அவ்வாறு இல்லாதிருந்தால் அரிசி மட்டுமின்றி, அம்மையாரின் வங்கிக் கணக்கில் இருந்த சேமிப்பும் போயிருக்கக்கூடும். கருவி எவ்வளவு எளியதாயினும், அதனுள் இருக்கும் பத்து இலக்க எண் இன்று ரேஷன் கடை, வங்கி, ஓய்வூதியம், எரிவாயு, மருத்துவமனை ஆகிய யாவற்றுக்கும் திறவுகோல் ஆகிவிட்டது. ஆகவே, கைப்பேசியை அமைப்பது என்று நான் கூறும்போது, முதலில் அந்த எண்ணை உரியவரின் பெயரிலும் உரியவரின் கையிலும் நிலைநிறுத்துவதையே குறிக்கிறேன்.

எண் யாருடையது?

சிம் அட்டை யார் பெயரில் பதிவாகியுள்ளது என்பதை முதலில் கேளுங்கள். மகன் பெயரில், மருமகன் பெயரில், சில வேளைகளில் கடைக்காரர் பெயரில்கூட இருப்பதைக் காண்பீர்கள். சிம் அட்டை தொலைந்து மாற்று அட்டை பெற வேண்டுமாயின், பதிவுபெற்றவரே அடையாளச் சான்றுடன் செல்ல வேண்டும். அவர் துபாயில் இருந்தால் என்ன செய்வது? ஹைதராபாத் பழைய நகரத்தில் இது கற்பனையான நிலைமையன்று.

ஒருவருடைய பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அறிய, தொலைத்தொடர்புத் துறை 2021இல் ஓர் இணைய வசதியை ஏற்படுத்தியது. இது ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில்தான் முதலில் தொடங்கப்பட்டது. தற்போது சஞ்சார் சாத்தி தளத்தின் ஒரு பகுதியாக உள்ளது. ஒருவர் பெயரில் ஒன்பது எண்கள் வரை இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அஸ்ஸாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. தமக்குத் தெரியாத எண் தம் பெயரில் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். சாதாரணக் கைப்பேசியில் இத்தளத்தைத் திறப்பது இயலாது என்பதால், அலுவலகக் கணினியில் நீங்கள் திறந்து, கடவெண்ணை அவருடைய கைப்பேசியில் பெற்று, அவரை அருகில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

அடுத்து, எண் உயிருடன் இருப்பது. ரீசார்ஜ் செய்யாமலும் பயன்படுத்தாமலும் விடப்படும் எண் துண்டிக்கப்படுகிறது. துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்களுக்கு வேறு எவருக்கும் ஒதுக்கப்படுவதில்லை, அதன்பின் ஒதுக்கப்படலாம். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஆணையம் இதனைத் தெளிவுபடுத்தியது. அந்த அம்மையாரின் எண் இளைஞரிடம் சென்ற வழி இதுவே. இணையம் வேண்டாதவர்கள் இணையத்துக்கும் சேர்த்துப் பணம் கட்ட நேர்ந்ததால் பலர் ரீசார்ஜ் செய்வதையே கைவிட்டனர். இக்குறையை நோக்கி, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனிக் கட்டணத் திட்டங்களை வழங்க வேண்டும் என்றும், அவற்றின் கால வரம்பு 365 நாட்கள் வரை இருக்கலாம் என்றும் ஆணையம் 2024 டிசம்பர் 23 அன்று விதி வகுத்தது. கடைகளில் இத்திட்டங்களைத் தாமாக முன்வந்து கூறுவோர் குறைவு. கேட்டுப் பெற வேண்டும் என்பதை மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

எண்ணை மாற்றுவதாயின், புதிய எண்ணை வங்கியிலும் ஆதாரிலும் பதிந்த பிறகே பழைய எண்ணைக் கைவிட வேண்டும். வேறு நிறுவனத்தின் சேவை வேண்டுமானால், எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. இலவச சிம் அட்டைக்கு மயங்க வேண்டியதில்லை.

கருவியை அமைத்தல்

இனி கருவிக்கு வருவோம். வாங்கும்போதே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். எல்லா நிறுவனங்களும் 2ஜி சேவை தருவதில்லை. 2016இல் தொடங்கப்பட்ட ஜியோ 2ஜி சேவையை அளிப்பதில்லை. பழைய 2ஜி கருவியில் அதன் சிம் அட்டை வேலை செய்யாது. கருவியையும் நிறுவனத்தையும் பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும்.

இந்நகரின் அபிட்ஸ் பகுதியில் ஜகதீஷ் மார்க்கெட் என்ற கைப்பேசிச் சந்தை உண்டு. அங்கோ உங்கள் ஊர்க் கடைத்தெருவிலோ பழைய கருவியை வாங்குவோர் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் தோன்றும். அது கருவியின் பிறப்புச் சான்று போன்றது. 'கே.ஒய்.எம்.' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடம் விட்டு அந்த எண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், கருவி முறையானதா, முடக்கப்பட்டதா என்ற விவரம் கிடைக்கும். ஐ.எம்.இ.ஐ. எண் இல்லாத கருவிகளின் இணைப்பு 2009 டிசம்பர் 1 முதல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணை ரேஷன் அட்டை வைத்திருக்கும் உறையில் எழுதி வையுங்கள். வாங்கிய ரசீதையும் அங்கேயே வையுங்கள்.

சிம் அட்டையைச் செருகுமுன் கருவியை அணைத்து மின்கலத்தைக் கழற்ற வேண்டும். இப்போது வரும் சிம் அட்டை மூன்று அளவுகளில் உடைக்கும் வகையில் உள்ளது. பழைய கருவிகள் பலவற்றுக்கு 25 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் கொண்ட பெரிய அளவு வேண்டும். அதைச் சிறியதாக உடைத்துவிட்டால் பின் சட்டத்தில் பொருத்தியே செருக நேரிடும். அவசரப்பட்டு உடைக்க வேண்டாம். அட்டை ஒட்டியிருந்த பெரிய பிளாஸ்டிக் சட்டத்தையும் எறிய வேண்டாம். அதன் பயனைச் சற்றுப் பின்னர் காண்போம்.

மின்கலத்தைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. முதல் நாள் எட்டு மணி நேரம் மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் வகை மின்கலங்களின் காலத்து வழக்கம். இன்றைய லித்தியம் மின்கலத்துக்குத் தேவையில்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு முத்திரை உள்ள மின்கலத்தையே வாங்க வேண்டும். 2007 ஆகஸ்டில், மட்சுஷிடா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பி.எல்.-5சி மின்கலங்கள் மின்னேற்றும்போது அளவுமீறிச் சூடாகலாம் என்று நோக்கியா நிறுவனமே எச்சரித்து, மாற்றித் தர முன்வந்தது. பெயர் பெற்ற பொருளுக்கே இந்நிலை எனில், முத்திரையற்ற பொருளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. மின்கலம் உப்பியிருந்தால், பின்மூடி சரியாகப் பொருந்தாவிட்டால், அன்றே மாற்ற வேண்டும். மின்னேற்றும்போது தலையணைக்கு அடியில் வைப்பதும், அந்நிலையில் பேசுவதும் கூடாது.

பிறகு மொழி. 2016இல் வகுக்கப்பட்ட இந்தியத் தர விதி, கைப்பேசிகள் இந்திய மொழிச் செய்திகளைக் காட்டும் திறன் பெற்றிருக்க வேண்டும் என்கிறது. மிகப் பழைய கருவிகளில் தமிழோ தெலுங்கோ உருதோ வெறும் கட்டங்களாகத் தெரியும். அத்தகைய கருவி உடையவருக்கு அரசு அனுப்பும் தாய்மொழிச் செய்தியால் பயனில்லை. எழுத்தறியாதவருக்கு, அழுத்தும் எண்ணை உரக்கச் சொல்லும் 'பேசும் விசை' வசதி உள்ள கருவியே ஏற்றது. இதைப் பரிந்துரைக்க நாம் ஏனோ தயங்குகிறோம்.

சிம் அட்டைக்கும் பூட்டு

பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். பெரும்பாலோர் கைப்பேசிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு முடிந்ததாக எண்ணுகின்றனர். திருடனுக்கு உங்கள் அறுநூறு ரூபாய்க் கருவி தேவையில்லை. அவன் சிம் அட்டையைக் கழற்றித் தன் கருவியில் போடுவான். உடனே அந்த எண்ணுக்கு வரும் கடவெண்கள் யாவும் அவனுக்கு வரும். கருவியின் பூட்டு கருவியோடு நின்றுவிடுகிறது. சிம் அட்டையின் பூட்டுத்தான் அட்டையுடன் செல்கிறது. எந்தக் கருவியில் செருகினாலும், இயக்கும்போது அது 'பின்' எண்ணைக் கேட்கும்.

கருவியின் அமைப்புகள் என்ற பகுதியில், பாதுகாப்பு என்பதன் கீழ் இவ்வசதி இருக்கும். நிறுவனம் அளித்த தொடக்க எண்ணைக் கேட்டறிந்து, பின்னர் உரியவரே தேர்ந்த நான்கு இலக்க எண்ணாக மாற்ற வேண்டும். பிறந்த ஆண்டும் 1234ம் வேண்டாம். மூன்று முறை தவறாக அழுத்தினால் அட்டை பூட்டிக்கொண்டு, 'பக்' எனப்படும் எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். பல சிம் அட்டைகளின் பிளாஸ்டிக் சட்டத்தில் அது அச்சிடப்பட்டிருக்கும். எறிய வேண்டாம் என்று கூறியது இதனால்தான். அதையும் பத்து முறை தவறாக அழுத்தினால் அட்டை நிரந்தரமாகப் பயனற்றுப் போகும். முதியோருக்கு இது சுமையாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. கருவியை அணைத்து இயக்கும்போது மட்டுமே இந்த எண் கேட்கப்படுகிறது. வாரத்தில் ஒருமுறை கூட நேராமல் போகலாம். மறதி மிகுந்தவராயின் மட்டும் இதனைத் தவிர்த்து, அவருடைய வங்கிக் கணக்கில் செலவு வரம்பைக் குறைத்து வைப்பது நலம் என்பது என் கருத்து.

வேறொரு சிறு செய்தி. ஆனால் இதனால் அலையாய் அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பழைய கருவிகளில் குறுஞ்செய்திகளுக்கான இடம் மிகக் குறைவு. விளம்பரச் செய்திகள் சேர்ந்து இடம் நிரம்பிவிட்டால் புதிய செய்தி வராது, கடவெண்ணும் வராது. 'ஓ.டி.பி. வரவில்லை' என்று வருபவரின் கருவியில் முதலில் இதைப் பாருங்கள். பழையவற்றை அழித்தபின், 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் 1909க்கு அனுப்பினால் விளம்பரச் செய்திகள் தடுக்கப்படும். வங்கிச் செய்திகள் தடைபடா.

நெருக்கடிக்கான ஏற்பாடும் உண்டு. 2017 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் சாதாரணக் கைப்பேசிகளில் 5 அல்லது 9 என்ற விசையை நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்புச் செல்ல வேண்டும் என்பது விதி. பெண்களின் பாதுகாப்பைக் கருதி வகுக்கப்பட்ட இவ்விதியைப் பற்றி நான் கேட்ட எந்தப் பெண்ணும் அறிந்திருக்கவில்லை. அவரவர் கருவியில் எந்த விசை என்பதைக் கையேட்டில் பார்த்துச் சொல்லுங்கள். 112 என்ற எண்ணையும் மனப்பாடம் செய்வியுங்கள்.

குரல் வழியே வரும் ஆபத்து

சாதாரணக் கைப்பேசியில் செயலிகள் இல்லை. தொலைவிலிருந்து திரையைக் கைப்பற்ற இயலாது. காணொளியில் போலிக் காவலர் தோன்றி மிரட்டவும் வழியில்லை. இவ்வகையில் அது திறன்பேசியைவிடப் பாதுகாப்பானதே. ஆனால் குரல் வருகிறது, குறுஞ்செய்தி வருகிறது. ஏமாற்றுவோருக்கு இவ்விரண்டும் போதும்.

'வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு இன்று மாலை முடங்கிவிடும்.' 'ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்.' இவ்வாறே பேச்சு தொடங்குகிறது. ஆணையம் எந்தத் தனிமனிதரையும் அழைத்து எண்ணைத் துண்டிப்பதாகக் கூறுவதில்லை. வங்கிகள் கணக்குத் தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கப்பட்டுள்ளது. பத்து இலக்கத் தனியார் எண்ணிலிருந்து வரும் 'வங்கி' அழைப்பை ஐயத்துடன் நோக்கலாம். 2025இல் வகுத்த விதியின்படி, குறுஞ்செய்தி அனுப்புநரின் பெயருக்கு இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து வருகிறது: 'ஜி' எனில் அரசு, 'பி' எனில் விளம்பரம். ஆயினும் அழைப்பு எங்கிருந்து வந்தாலும், கடவெண்ணை வாயால் கூறுமாறு எந்த வங்கி அலுவலரும் கேட்கமாட்டார் என்ற ஒன்றைக் கற்பித்தாலே பெரும்பகுதி முடிந்துவிடும்.

இங்கு ஒரு சிக்கல் உள்ளதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ரேஷன் கடையில் கடவெண்ணைக் கூறு என்று கற்பித்ததும் நாமே. எவரிடமும் கூறாதே என்று கற்பிப்பதும் நாமே. அந்த அம்மையார் குழம்பியதில் வியப்பில்லை. நான் அவரிடம் கூறியது இதுதான்: 'நீங்களாகக் கடைக்குப் போய், எதிரில் ஆளைப் பார்த்து, அரிசிக்காகக் கேட்டால் சொல்லுங்கள். அவர்களாக உங்களை அழைத்துக் கேட்டால், எதற்காகவும் சொல்லாதீர்கள்.' இந்த வேறுபாட்டை அவர் உடனே புரிந்துகொண்டார்.

மற்றொரு தந்திரம் அழைப்பைத் திருப்புவது. பார்சல் கொண்டுவந்திருப்பதாகக் கூறும் ஒருவன், *401* அல்லது *21* என்று அழுத்தி, அதன்பின் தான் சொல்லும் எண்ணை அழுத்துமாறு கேட்பான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் யாவும் அவனுக்குச் செல்லும். குரல்வழி வரும் கடவெண்ணும் அவ்வாறே. இதனைக் கருதி, குறியீடுகளின் வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. எனினும் கருவியின் பட்டியல் வழியே திருப்பப்பட்டிருக்கவும் கூடும். *#21# என்று அழுத்தினால் நிலைமை தெரியும். ##002# என்று அழுத்தினால் திருப்பங்கள் யாவும் நீங்கும்.

பணமும் கைப்பேசியும்

இந்நகரின் மாசாப் டாங்க் பகுதியில், ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. கைப்பேசி வழிப் பணப்பரிமாற்றம் நம் நாட்டில் உருவாகத் தொடங்கிய காலத்தில், இந்நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஊரகத் தொழில்நுட்ப அமைப்பும் இணைந்தே அதற்கான கலந்தாய்வு மன்றத்தை நடத்தின. இணையமே இல்லாத கருவியில் *99# என்று அழுத்திப் பணம் அனுப்பும் வசதி 2014 ஆகஸ்ட் 28 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 13 மொழிகளில் பயன்படுத்தலாம். இதற்கான அழைப்புக் கட்டணம் 2022இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 8 அன்று சாதாரணக் கைப்பேசிக்கென்றே 'யூ.பி.ஐ. 123 பே' என்ற சேவையை ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஒருமுறை அனுப்பும் தொகையின் வரம்பை ரூ. 5,000இலிருந்து ரூ. 10,000 ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. ஐயங்களுக்கு 14431 என்ற உதவி எண் உள்ளது.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை இரண்டு. *99# முறையில் அழுத்தும் ரகசிய எண் பல கருவிகளில் திரையில் அப்படியே தெரியும். ஆகவே பிறர் பார்வை படாமல் அழுத்த வேண்டும். பணம் அனுப்புவதற்கு மட்டுமே ரகசிய எண் தேவை. பணம் பெறுவதற்கு ஒருபோதும் தேவையில்லை. 'உதவித்தொகை வந்துள்ளது, எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்' என்பவன் திருடனே.

பணம் போய்விட்டால் காலமே முக்கியம். இணையக் குற்ற நிதி மோசடிகளுக்கான உதவி எண் 2021இல் 155260 என்று தொடங்கப்பட்டபோது, அதனை முதலில் செயல்படுத்திய ஏழு மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளுள் தெலங்கானாவும் ஒன்று. இப்போது அது 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தகவல் கிடைத்தால் முடக்க இயலும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய எண்ணைக் கூறியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவரையே சேரும். தெரிவித்தபின் நேர்வது வங்கியைச் சேரும். வெட்கத்தாலோ மகன் ஏசுவான் என்ற அச்சத்தாலோ இரண்டு நாட்கள் மறைத்து வைப்பவர்களே மிகுதியாக இழக்கின்றனர். உங்களிடம் வந்து கூறுபவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். முதலில் 1930ஐ அழையுங்கள்.

கருவியே தொலைந்தால், உடனே நிறுவனத்தை அழைத்து எண்ணை நிறுத்தி, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். அதே எண்ணுக்கு மாற்று சிம் அட்டை பெறலாம். பெற்ற பிறகு 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது; அது மோசடியைத் தடுக்கும் ஏற்பாடு, கோளாறு அன்று. காவல் நிலையத்தில் புகார் அளித்து, 2023 மே 17 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள மையக் கருவிப் பதிவேட்டில் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பதிந்தால், அக்கருவி எந்த சிம் அட்டையுடனும் இயங்காது. தெலங்கானா காவல் துறை இப்பதிவேட்டின் துணையால் ஏராளமான கருவிகளை மீட்டு உரியவரிடம் ஒப்படைத்து வருகிறது. ரேஷன் அட்டை உறையில் எழுதி வைத்த அந்த 15 இலக்கங்கள் அப்போதுதான் தேவைப்படும்.

உதவுவோர் கை

இறுதியாக நம்மைப் பற்றி. சுய உதவிக் குழுக்களின் பொறுப்பாளர்கள், கணினி மைய ஊழியர்கள், சில வேளைகளில் நம் அலுவலர்களும், பயனாளிகளின் கைப்பேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு தாமே கடவெண்ணைப் பார்த்து வேலையை முடித்து விடுகின்றனர். நோக்கம் நல்லதே, வரிசை நீளம், நேரம் குறைவு. ஆனால் குறிப்பேட்டில் நாற்பது பெண்களின் ரகசிய எண்களை வரிசையாக எழுதி வைத்திருந்த ஒரு பொறுப்பாளரை நான் கண்டிருக்கிறேன். அவர் நேர்மையானவர். அந்தக் குறிப்பேடு தொலைந்தால் என்ன ஆகும் என்று கேட்டபோது அவர் முகம் வாடியது. விண்ணப்பத்தில் பயனாளியின் எண்ணுக்குப் பதிலாகத் தம் எண்ணையே எழுதிவிடும் வழக்கமும் உண்டு. அவ்வாறு எழுதிய எண் பத்து ஆண்டுகளுக்குப் பின் யாருடைய கையில் இருக்கும் என்பதை எவரும் கூற இயலாது.

இன்று பிற்பகல் இந்த மேசை மீது பன்னிரண்டு பழைய கருவிகள் வைக்கப்படும். ஒன்றில் குறுஞ்செய்திப் பெட்டி நிரம்பியிருக்கும். ஒன்றில் அழைப்பு திருப்பப்பட்டிருக்கும். ஒன்று உங்களுக்குத் தெரியாத மொழியில் அமைக்கப்பட்டிருக்கும். ஒன்று 'பக்' எண்ணைக் கேட்டுக்கொண்டிருக்கும். எதில் என்ன குறை என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். நான் குறிப்பிட்ட அந்த அம்மையாரும், அவருடன் வேலைக்குச் செல்லும் நான்கு பெண்களும் மூன்று மணிக்கு வருகின்றனர். அவர்களுக்குத் தெலுங்கும் சற்றே உருதும் தெரியும். உங்களுள் தெலுங்கு அறிந்தவர்கள் முன்னே அமருங்கள். சிம் அட்டைக்குப் பூட்டுப் போடுவதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: எந்தக் கட்டத்திலும் கைப்பேசியை அவர்கள் கையிலிருந்து வாங்கக் கூடாது.